சின்ன ஆக்கள் எண்டது ஒரு சாட்டில்லை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். கொக்குவிலில் ஒரு நண்பரின் வீட்டு விறாந்தையில் நாங்கள் ஐந்து பேர் இருந்து விளையாடிக்கொண்டிருந்தோம். ஒன்லைனில் வாங்கிய ஒரு சின்ன ஆர்.பி.ஜி. புத்தகம். எழுதியவரும் வெளியிட்டவரும் ஒரே ஆள். கதை நல்லாய்ப் போய்க்கொண்டிருந்தது. எங்களில் ஒருவரின் பாத்திரம் ஆற்றுக்குள் விழுந்துவிட்டது. நீந்தித் தப்புவதற்கு என்ன உருட்ட வேணும்? 34ஆம் பக்கத்தில் ‘71ஆம் பக்கத்தைப் பார்க்கவும்’ என்று இருந்தது. 71ஆம் பக்கத்துக்குப் போனால் அங்கே குதிரைகளின் விலைப்பட்டியல்.

கோப்பு முழுக்கத் தேடினோம். தண்ணீர், மூழ்குதல், நீச்சல் எண்டு எல்லாச் சொல்லும் போட்டுப் பார்த்தாச்சு. அந்த விதி புத்தகத்திலேயே இல்லை. எழுத நினைத்திருக்கிறார், எழுதவில்லை. இருபது நிமிசம் போய்விட்டது. தேத்தண்ணியும் ஆறிவிட்டது, கதையும் ஆறிவிட்டது.

“விடு மச்சான், பாவம், சின்ன ஆக்கள்தானே” என்றான் ஒருவன்.

“நாங்கள் குடுத்தது சின்னக் காசில்லையே” என்றாள் இன்னொருத்தி.

அது 20 டொலர் புத்தகம். எங்கட காசில் கிட்டத்தட்ட ஆறாயிரம் ரூபா. ஐந்து பேரும் சேர்த்துப் போட்டு வாங்கியது. அன்றைக்கு விளையாட்டு அதோடு முடிந்துவிட்டது. ஆனால் அந்த இரண்டு வசனங்களுக்கும் இடையில் தொடங்கிய வாக்குவாதம் இன்னும் முடியவில்லை. சுயாதீனப் பதிப்பாளர்களிடம் நாங்கள் தொழில்முறையை, தரத்தை எதிர்பார்க்கலாமா? எதிர்பார்ப்பது நியாயமா, அல்லது அது கையில் காசில்லாதவர்களின் கழுத்தில் கை வைப்பதா? இந்தக் கட்டுரை அந்த வாக்குவாதத்தின் தொடர்ச்சிதான்.

முதலில், இது என்ன விளையாட்டு?

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். ஒரு மேசையைச் சுற்றி நாலைந்து பேர் இருப்பார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து, “நான் கதவை உடைக்கிறன்”, “நான் அந்தக் கிழவியோட கதைச்சுப் பார்க்கிறன்” என்று சொல்லுவார்கள். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வரும் இடத்தில் பகடை உருட்டப்படும். ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ பார்த்தவர்களுக்கு அந்தப் பெடியள் வீட்டு நிலக்கீழ் அறையில் இருந்து விளையாடுவது ஞாபகம் வரும். அவர்கள் விளையாடுவது டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ். இந்த வகையின் மூத்த விளையாட்டு அது.

இதற்குப் பலகை தேவையில்லை, காய்கள் தேவையில்லை. காசு கொடுத்து வாங்குவது பெரும்பாலும் ஒரு புத்தகத்தைத்தான். அந்தப் புத்தகம் வாசிப்பதற்கு மட்டுமான ஒன்றும் இல்லை. நாவலில் ஒரு எழுத்துப்பிழை இருந்தால் வாசகர் தாண்டிப் போய்விடுவார். சமையல் குறிப்பில் உப்பு எவ்வளவு எண்டு எழுத மறந்தால் என்ன ஆகும்? அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போதுதான் அது தெரியவரும். ஆர்.பி.ஜி. புத்தகமும் அப்படித்தான். பிழை தெரியவரும் நேரம் மேசையில் ஐந்து பேர் காத்துக்கொண்டிருப்பார்கள்.

தொடக்கமே கையால் ஒட்டியதுதான்

“சின்ன ஆக்கள்தானே” என்ற கட்சியின் வாதத்தில் உண்மை இருக்கிறது. அதை முதலில் ஒத்துக்கொள்ள வேணும்.

1974இல் டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் வெளிவந்தபோது அது ஒரு பெரிய கொம்பனியின் பொருளாக இருக்கவில்லை. அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்ற சிறு ஊர். கேரி கைகக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய விளையாட்டு. வெளியிட ஆளில்லாததால் கைகக்ஸ் நண்பர்களோடு சேர்ந்து, ஆளுக்குக் கொஞ்சக் காசு போட்டு, டி.எஸ்.ஆர். என்று ஒரு பதிப்பகத்தைத் தொடங்கினார். முதல் அச்சு 1000 பிரதி. பெட்டிகளை வீட்டில் வைத்துக் கையால் கட்டினார்கள். உள்ளே மூன்று சின்னப் புத்தகங்கள். படங்கள் பழகுநர் கையால் வரைந்தவை. விதிகளோ, புதிதாக வாசிப்பவருக்குத் தலை சுற்றும். சண்டைக்கு 1971இல் வெளிவந்த ‘செயின்மெயில்’ என்ற வேறொரு விளையாட்டின் விதிகளைப் பார்க்கச் சொல்லியது. காட்டுப் பயணத்துக்கு இன்னொரு கொம்பனியின் ‘அவுட்டோர் சர்வைவல்’ என்ற விளையாட்டின் பலகையைப் பாவிக்கச் சொல்லியது. இன்றைக்கு யாரும் அப்படி ஒரு புத்தகத்தைப் போட்டால் நாங்களே விமர்சனத்தில் கிழித்துவிடுவோம். ஆனால் அந்தப் பெட்டி இல்லாவிட்டால் இன்றைக்கு இந்த விளையாட்டு வகையே இல்லை.

ஆகவே கரடுமுரடாக இருப்பது குற்றமில்லை. புதிதாக ஒன்று பிறக்கும்போது அது கரடுமுரடாகத்தான் பிறக்கும்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அந்த விதிகளை வாசித்து விளங்கிக்கொள்ளச் சனம் கஷ்டப்பட்டது. அப்போது ஜே. எரிக் ஹோம்ஸ் என்ற ஒரு நரம்பியல் பேராசிரியர், தானாகவே முன்வந்து, புதியவர்களுக்காக அதைத் திருத்தி எழுதித் தருகிறேன் என்று கேட்டார். 1977இல் அவர் தொகுத்த தொடக்கப் பதிப்பு வெளிவந்தது. முதல் மூன்று மட்டங்களுக்கு மட்டுமான விதிகள், ஒரே புத்தகத்தில், ஒரு ஒழுங்கோடு. 1981இல் டொம் மோல்ட்வே அதை இன்னும் தெளிவாக்கினார். இந்தத் தெளிவான தொடக்கப் பெட்டிகள் வழியாகத்தான் சின்னப் பிள்ளைகள் தாங்களாகவே வாசித்து விளையாடத் தொடங்கினார்கள்.

கண்டுபிடித்தவரின் பெயர் எல்லோருக்கும் தெரியும். செம்மைப்படுத்தியவரின் பெயர் ஆருக்குத் தெரியும்? இந்தத் துறையில் தரம் என்பதன் பாதி, செம்மையாக்கம்தான். அதற்கு வேண்டியது பெரிய முதலீடு இல்லை. எழுதியவரைத் தவிர இன்னொருவரின் கண்.

இதற்கு எங்களுக்குப் பிடித்த உதாரணம் 2019இல் கவின் நோர்மன் வெளியிட்ட ‘ஓல்ட்-ஸ்கூல் எசென்ஷியல்ஸ்’. அதில் புது விதி எதுவும் பெரிதாக இல்லை. 1981ஆம் ஆண்டின் விதிகளையே எடுத்து, திரும்ப அடுக்கியிருக்கிறார். ஒரு விடயம் என்றால் அது ஒரு பக்கத்தில் அல்லது எதிரெதிரான இரண்டு பக்கங்களில் முடிந்துவிடும். சண்டையின் நடுவில் பக்கம் புரட்டத் தேவையில்லை. பழைய விதி, ஒழுங்கான அடுக்கு. இந்த அடுக்குக்காகவே உலகம் முழுக்க அதை வாங்கி விளையாடுகிறார்கள். வெளியிட்டது ‘நெக்ரோட்டிக் நோம்’ என்ற அவருடைய சிறு பதிப்பகம்.

‘இண்டி’ எண்டா என்ன?

2000களின் தொடக்கத்தில் ரொன் எட்வர்ட்ஸும் அவரோடு இருந்தவர்களும் ‘த ஃபோர்ஜ்’ என்ற தளத்தில் கூடிக் கதைத்தபோது ‘இண்டி’ என்ற சொல்லுக்கு ஒரு எளிய விளக்கம் வைத்திருந்தார்கள்: உருவாக்கியவரே உரிமையாளர். அவ்வளவுதான். அந்த வட்டத்தோடு தொடர்புள்ளவர்களிடமிருந்துதான் வின்சென்ட் பேக்கரின் ‘டோக்ஸ் இன் த வின்யார்ட்’ (2004), பிறகு அவரும் மெகே பேக்கரும் சேர்ந்து செய்த ‘அபோகலிப்ஸ் வேர்ல்ட்’ (2010) எல்லாம் வந்தன. பிந்தியது இன்றைக்கும் எத்தனையோ விளையாட்டுகளுக்கு அடித்தளம்.

கவனியுங்கோ: அந்த விளக்கத்தில் தரத்தைப் பற்றி ஒன்றும் இல்லை. இண்டி எண்டா நல்லது என்றும் இல்லை, கவனமில்லாதது என்றும் இல்லை. உரிமை ஆரிடம் என்பது மட்டும்தான். ஆனால் இன்றைக்கு இரண்டு பக்கத்திலும் இந்தச் சொல்லை வேறு அர்த்தத்தில் பாவிக்கிறார்கள். ‘இண்டி என்றபடியால் உண்மையானது, ஆகவே குறை சொல்லக்கூடாது’ என்பது ஒரு பக்கம். ‘இண்டி என்றால் அரைகுறைதான், ஆகவே காசு குடுக்காதே’ என்பது மற்றப் பக்கம். இரண்டும் புத்தகத்தைத் திறக்காமலே சொல்லப்படுகிற தீர்ப்பு.

அரைகுறை வேலையால் பாதிக்கப்படுவது அதைச் செய்தவர் மட்டும் இல்லை என்பதற்கும் இந்தத் துறையில் ஒரு பாடம் இருக்கிறது. 2000ஆம் ஆண்டு டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸின் மூன்றாம் பதிப்போடு, அதன் அடிப்படை விதிகளை யாரும் எடுத்துத் தங்கள் புத்தகங்களில் பாவிக்கலாம் என்று ஒரு திறந்த உரிமம் வந்தது. நல்ல விடயம். சின்னப் பதிப்பாளர்கள் கூட்டமாக வந்தார்கள். கடைகள் ஆரம்பத்தில் எல்லாவற்றையும் வாங்கி அடுக்கின. ஆனால் பரிசோதித்துப் பார்க்காமல் அவசரமாகத் தள்ளிய புத்தகங்களும் அதே தட்டில்தான் இருந்தன. வாங்கியவர்கள் இரண்டு மூன்று தரம் ஏமாந்த பிறகு எதையும் வாங்கத் தயங்கினார்கள். 2003இல் மூலப் புத்தகமே திருத்திய பதிப்பாக வந்ததும் பழைய சரக்கு தேங்கியது. கவனமாக வேலை செய்த சின்னப் பதிப்பகங்களும் சேர்ந்து அடிபட்டன. வாசகருக்கு ஒவ்வொரு பதிப்பகத்தையும் தனித்தனியாக ஞாபகம் வைத்திருக்க நேரமில்லை. “இந்தச் சின்னக் கொம்பனியளின்ட சாமானே இப்பிடித்தான்” எண்டு போய்விடுவார்.

பளபளப்பும் தரமும்

தொழில்முறை என்றவுடன் பலருக்கு மனதில் வருவது தடித்த அட்டை, முழு வண்ணம், பளபளக்கும் தாள். நாங்கள் சொல்வது அதையில்லை. அதை எதிர்பார்த்தால் காசு இருப்பவர் மட்டும்தான் பதிப்பிக்கலாம் என்று வந்துவிடும். அந்தப் பயம் நியாயமானது.

2019 பெப்ரவரியில் கிக்ஸ்டார்ட்டர் ‘சீன் குவெஸ்ட்’ என்று ஒன்றைத் தொடங்கியபோது நிபந்தனையே வேறு மாதிரி இருந்தது. சின்ன அளவு, ஒற்றை வண்ண அச்சு, மடித்துப் பின் அடித்த புத்தகம். எங்கட ஆக்கள் ரோணியோ அடித்துச் சிற்றிதழ் போட்ட காலத்தைக் கேள்விப்பட்டவர்களுக்கு இது புதிதாக இருக்காது. மெலிந்த புத்தகம் என்பதால் எழுதுபவருக்குச் செலவு குறைவு, செம்மைப்படுத்தவும் பக்கம் குறைவு. நிறையப் பேரின் முதல் புத்தகம் அந்த வழியால் வந்தது.

ஜோன் ஹார்ப்பரின் ‘லேசர்ஸ் அன்ட் ஃபீலிங்ஸ்’ (2013) முழு விளையாட்டும் ஒரே ஒரு பக்கம். இலவசம். ஆனால் அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு ஒரு பின்னேரம் முழுக்க விளையாடலாம், இடையில் எங்கேயும் வழி தவறாது. மலேசியாவில் செடெக் சியூ எழுத, முன் காவ் வரைய வந்த ‘அ தௌசண்ட் தௌசண்ட் ஐலண்ட்ஸ்’ தொடரும் மெலிந்த கறுப்பு வெள்ளைப் புத்தகங்கள்தான். தென்கிழக்காசிய ஊர்களையும் ஆறுகளையும் முதலைகளையும் அந்த மண்ணின் கண்ணால் எழுதியிருப்பார். ஒரு சொல் கூடுதலாக இருக்காது. பக்கம் குறைந்தால் தரம் குறையும் என்று நினைப்பவர்கள் அதைப் பார்க்க வேணும்.

மறுபக்கமும் இருக்கிறது. சுவீடனிலிருந்து வந்த ‘மோர்க் போர்க்’ மஞ்சளும் கறுப்பும் இளஞ்சிவப்புமாகக் கத்துகிற புத்தகம். சில பக்கங்களில் எழுத்து எங்கே, படம் எங்கே என்று தேட வேணும். 2020இல் என்னி விருதுகளில் அந்த ஆண்டின் சிறந்த வெளியீடாகத் தெரிவானது. இது விளையாடுபவரை மதிக்காத வடிவமைப்பு இல்லையா என்று எங்களில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அதே ஆக்கள், படமும் அலங்காரமும் இல்லாமல் விதிகளை மட்டும் வெறும் எழுத்தாகத் தரும் ஒரு பதிப்பை இலவசமாகவும் விட்டிருக்கிறார்கள். கலையை விட்டுக்கொடுக்கவும் இல்லை, மேசையில் இருப்பவரைக் கைவிடவும் இல்லை. தொழில்முறை எண்டு நாங்கள் சொல்வது இதைத்தான்.

சொன்ன சொல்

இன்றைக்குச் சின்னப் பதிப்பாளர்களில் பலர் புத்தகம் முடியுமுன்பே காசு சேர்க்கிறார்கள். கூட்டு நிதி இல்லாவிட்டால் பல நல்ல புத்தகங்கள் வந்தேயிருக்காது. ஆனால் அதில் வாசகர் வாங்குவது ஒரு வாக்குறுதியை.

2012 கடைசியில் ஈவில் ஹட் பதிப்பகம் ‘ஃபேட் கோர்’ புத்தகத்துக்கு 3000 டொலர் கேட்டது. கிடைத்தது 4 இலட்சத்து 33 ஆயிரத்துக்கு மேல். அவர்கள் செய்த நல்ல வேலை என்னவென்றால், காசு போட்டவர்களுக்கு விளையாடக்கூடிய வரைவை அப்போதே கையில் கொடுத்துவிட்டார்கள். எழுத்து இருக்கிறது, இனி அச்சும் அழகும்தான் பாக்கி என்று எல்லோருக்கும் தெரிந்தது. ஜோன் ஹார்ப்பரின் ‘பிளேட்ஸ் இன் த டார்க்’ 2015இல் காசு சேர்த்தது. முழுப் புத்தகம் வந்தது 2017இல். பிந்தியதுதான். ஆனால் இடைக்காலத்தில் வாசகர்கள் வரைவுகளை வைத்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் விளையாடியதால் புத்தகம் திருந்தியது. பிந்துவதை மன்னிக்கலாம். வாய் திறக்காமல் இருப்பதை மன்னிப்பது கஷ்டம்.

எங்களுக்கும் ஒரு அனுபவம் இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு புத்தகத்துக்கு, வெளிநாட்டிலிருக்கும் ஒருவரின் கார்ட்டால் காசு போட்டோம். முதல் ஆறு மாதம் அறிவிப்புகள் வந்தன. பிறகு மூன்று மாதத்துக்கு ஒன்று. பிறகு ஒன்றும் இல்லை. அவருக்கு வருத்தமோ, வீட்டில் பிரச்சினையோ, காசு முடிந்துவிட்டதோ, எங்களுக்குத் தெரியாது. எதுவாக இருந்தாலும் இரண்டு வரி எழுதியிருக்கலாம். ‘ஏலாமல் போயிட்டுது’ என்று சொன்னால் நாங்கள் விளங்கிக்கொள்ளாத ஆக்களா? காசு போனதை விட, எங்களை ஒரு ஆளாகக் கணக்கெடுக்கவில்லை என்பதுதான் உறுத்தியது.

பெரிசெல்லாம் ஒழுங்கா?

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றைச் சொல்லாவிட்டால் அநியாயம். பெரிய கொம்பனி என்றால் தொழில்முறை தானாக வந்துவிடாது.

டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் இப்போது ஹஸ்ப்ரோவுக்குச் சொந்தமான விசர்ட்ஸ் ஒஃப் த கோஸ்டின் கையில். 2023 ஜனவரியில், இருபது வருடத்துக்கு மேலாக சின்னப் பதிப்பாளர்கள் நம்பியிருந்த அந்தத் திறந்த உரிமத்தை மாற்ற அவர்கள் போட்ட வரைவு கசிந்தது. பழைய உரிமம் இனிச் செல்லாது. வருடம் ஏழரை இலட்சம் டொலருக்கு மேல் போகும் வருமானத்தில் கால்வாசி வரை பங்கு கேட்கும் நிபந்தனையும் அதில் இருந்தது. வாசகர்களும் பதிப்பாளர்களும் கொதித்தெழுந்தார்கள். மாதம் முடியுமுன் கொம்பனி பின்வாங்கி, அடிப்படை விதிகளை கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் விட்டது. வழக்கறிஞர்கள், கணக்காளர்கள், விளம்பரப் பிரிவு எல்லாம் இருந்த இடத்தில் நடந்தது இது. அதற்கு முன், 2021 ஒக்டோபரில், இந்தத் துறையின் இன்னொரு பெரிய பதிப்பகமான பைசோவில் வேலை செய்பவர்கள் சம்பளம், வேலைநிலை எல்லாவற்றுக்காகவும் தொழிற்சங்கம் அமைக்க வேண்டிவந்தது.

சின்னப் பதிப்பாளரின் கணக்கையும் பார்க்க வேணும். ட்ரைவ்த்ரூ ஆர்.பி.ஜி. என்ற பெரிய ஒன்லைன் கடையில் 10 டொலருக்கு விற்றால் கடை 3 டொலர் முதல் மூன்றரை டொலர் வரை எடுத்துக்கொள்ளும். மிச்சத்தில் ஓவியருக்கு, செம்மையாக்குநருக்கு, பக்கம் வடிவமைப்பவருக்குக் கொடுக்க வேணும். எழுதுபவருக்குச் சொல்லுக்கு ஒரு சில சதம் என்பது இந்தத் துறையில் நீண்ட காலப் பழக்கம். ஆகவே பலர் பகலில் வேறு வேலை, இரவில் விளையாட்டு எழுத்து. இந்த நிலையில் முதலில் வெட்டப்படுவது செம்மையாக்கம். இரண்டாவது, மற்றவர்களிடம் கொடுத்து விளையாடிப் பார்ப்பது. அந்த இரண்டும் புத்தகத்தின் விளம்பரத்தில் தெரியாது. அட்டைப்படம் தெரியும்.

இதனால்தான் வாசகர்களாகிய எங்களுக்கும் பங்கிருக்கிறது என்கிறோம். அட்டையைப் பார்த்துக் காசு கொடுத்தால் அட்டைக்குத்தான் செலவழிப்பார்கள்.

எங்கட கை சுத்தமா?

இந்தக் கட்டுரையை இந்த இடத்தில் முடித்திருந்தால் எங்களுக்கு வசதியாக இருந்திருக்கும். ஆனால் முடிக்க ஏலாது.

யோகாய் கால் என்பவரின் ‘கேர்ன்’ என்று ஒரு விளையாட்டு. 2020இல் வந்தது. காட்டுக்குள் அலைகிற சிறு மனிதர்களின் கதை. விதிகள் கொஞ்சம்தான். எழுத்து முழுக்க கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் இருப்பதால், பெயர் குறிப்பிட்டு, அதே உரிமத்தில் வெளியிட்டால் யாரும் மொழிபெயர்க்கலாம். பல மொழிகளில் செய்திருக்கிறார்கள். நாங்களும் எங்கட பாவனைக்குத் தமிழில் செய்யத் தொடங்கினோம். நாலு பேர் பங்கு பிரித்து எழுதினோம். ஃபோட்டோக்கொப்பி எடுத்து, பின் அடித்து, பெருமையாக விளையாட இருந்தோம்.

ஆபத்திலிருந்து தப்பப் பகடை உருட்டுவதற்கு அதில் ஒரே ஒரு விதிதான். ஒருவர் அதைத் ‘தப்புதல்’ என்று எழுதியிருந்தார். இன்னொருவர் ‘காப்பு’. மூன்றாமவர் ‘எதிர்ப்பு’. அன்றைக்குப் புதிதாக வந்திருந்த ஒரு பெடியன் அரை மணித்தியாலமாக இது மூன்றும் மூன்று வேறு விதி என்று நினைத்துக்கொண்டிருந்தான். கேட்கவும் வெட்கப்பட்டான். தனக்குத்தான் விளங்கவில்லை என்று நினைத்தான். ஆற்றில் விழுந்த பாத்திரத்துக்காக நாங்கள் யாரையோ திட்டினோமே, அதே வேலையைத்தான் நாங்களும் செய்து வைத்திருந்தோம்.

பிறகு எங்களோடு இருக்கிற ஒரு அக்கா மூன்று இரவு இருந்து முழுவதையும் வாசித்துத் திருத்தித் தந்தார். எந்தச் சொல் எங்கே வரவேணும் என்று கொப்பியில் பட்டியல் போட்டு வைத்தார். இரண்டாவது பிரதி அடித்தோம். முதல் பக்கத்தில் மூல ஆசிரியரின் பெயர் இருந்தது, மொழிபெயர்த்த நாலு பேரின் பெயர் இருந்தது. அக்காவின் பெயர் இல்லை. வேண்டுமென்று விட்டதில்லை. ஒருவருக்கும் நினைவு வரவில்லை.

“நீங்கள்தானே பிள்ளையள் பெரிய கொம்பனியள் உழைக்கிற ஆக்களைச் சுரண்டுது எண்டு எழுதுறனீங்கள்” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பு எங்களுக்கு இன்னும் சரியாகச் செமிக்கவில்லை.

காசு இல்லாததால் பெயர் போடாமல் விடவில்லை. பெயர் போட ஒரு சதமும் செலவில்லை.

ஆகக் குறைந்தது

இதையெல்லாம் வைத்து நாங்கள் எங்களுக்காகவும், நாங்கள் வாங்குகிற புத்தகங்களுக்காகவும் ஒரு சின்ன அளவுகோலை வைத்திருக்கிறோம். பெரிய முதல் தேவையில்லாத அளவுகோல்.

எழுதியவர் பக்கத்தில் இல்லாமல், புத்தகத்தை மட்டும் வைத்து ஒரு கூட்டம் விளையாடிப் பார்த்திருக்க வேணும். எழுதியவர் கூட இருந்தால் புத்தகத்தில் இல்லாததை அவர் வாயால் நிரப்பிவிடுவார், ஓட்டை தெரியாது.

எழுதாத இன்னொருவர் முழுதாக வாசித்துத் திருத்தியிருக்க வேணும். அவருக்குக் காசு கொடுக்க வேணும். அது ஏலாவிட்டால் முதலே சொல்லி, சம்மதம் வாங்கி, பெயராவது போட வேணும். ஓவியருக்கும் அதுதான்.

எழுத்து கையில் இல்லாமல் மற்றவரின் காசைக் கையில் எடுக்கக்கூடாது. பிந்தினால் சொல்ல வேணும்.

பிழை இருக்கிறது என்று யாரும் சொன்னால் கோப்பைத் திருத்தி, ஏற்கனவே வாங்கியவர்களுக்கும் கொடுக்க வேணும். அச்சில் பிழை விட்டால் அது போனதுதான். கோப்பில் அப்படியில்லை.

300 பக்கத்தைக் கவனமாகச் செய்ய ஏலாவிட்டால் 30 பக்கம் செய்யலாம்.

வாசகர்களுக்கும் இருக்கிறது. பாவம் பார்த்துப் புகழாதீர்கள். நட்புக்காக ஐந்து நட்சத்திரம் போடாதீர்கள். அதே நேரம், தனியொருவர் செய்த புத்தகத்தில் ஹஸ்ப்ரோவின் தாளைத் தேடாதீர்கள். வாங்க வசதியில்லாதவர்களுக்கென்று சில பிரதிகளை இலவசமாக ஒதுக்கி வைக்கும் நல்ல பழக்கம் இட்ச் தளத்தில் பல சின்னப் பதிப்பாளர்களிடம் இருக்கிறது. எங்களில் பலர் அப்படித்தான் முதலில் வாசித்தோம். அந்தக் கடனுக்கு எங்களால் திருப்பிக் கொடுக்கக்கூடியது ஒரு நேர்மையான கருத்து.

அதைத்தான் கடைசியில் செய்தோம். ஆற்று விதி இல்லாத அந்தப் புத்தகத்தின் ஆசிரியருக்கு எழுதினோம். திட்டவில்லை. விளையாடும்போது நாங்கள் கண்ட பதினொரு இடங்களைப் பக்க எண்ணோடு பட்டியல் போட்டு அனுப்பினோம். நாலு நாளில் பதில் வந்தது. நன்றி சொல்லியிருந்தார். புத்தகம் வந்து ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது, நிறையப் பேர் நல்லாயிருக்கு என்று எழுதினார்கள், 71ஆம் பக்கத்தைப் பற்றி ஒருத்தரும் இதுவரை சொல்லவில்லை என்றும் எழுதியிருந்தார்.

அடுத்த கிழமை திருத்திய கோப்பு வந்தது. 34ஆம் பக்கத்திலேயே, அந்த வசனத்துக்குக் கீழே, நீந்துவதற்கான விதி மூன்று வரியில் இருக்கிறது. வருகிற ஞாயிறு அந்த ஆற்றிலிருந்தே தொடங்குகிறோம். எங்கட தமிழ்ப் பிரதியும் மூன்றாம் தரம் அடிபட்டு வந்திருக்கிறது. முதல் பக்கத்தில் இப்போது ஆறு பெயர்.